அம்பின் முனையும் அமெரிக்கத் துப்பாக்கியும்

மதீனத்துப் பள்ளிவாசலுக்குள் ஒருவர் அம்புகளை ஏந்தி வந்தபோது, அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை ஹதீதுக் கலை கற்றோர் நன்கறிவர். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர் எவராயினும், பிறர் மேனியில் கீறல் படாவண்ணம் முனையைக் காத்துச் செல்லவேண்டும் என்பது அதன் கருத்து. இமாம் புகாரி (ரஹ்), இமாம் முஸ்லிம் (ரஹ்) ஆகிய இருவர் தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. உருவிய வாளை ஒருவர் மற்றவர் கையில் கொடுக்கலாகாது என்றும், உடன்பிறந்தவனாயினும் அவனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்றும் வேறு ஹதீதுகள் எச்சரிக்கின்றன.

அக்காலம் பகை சூழ்ந்த காலம். ஆகவே, அம்பை எறிந்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அம்மனிதரிடம் கூறவில்லை. அவர் விரும்பியவாறு வீசிச் செல்லவும் விடவில்லை. ஏந்துபவரின் தேவையையும், எதிரே வருபவரின் பத்திரத்தையும் ஒரே கட்டளையில் இணைத்தார்கள்.

இவ்விரண்டையும் இணைக்கும் வழியறியாது பன்னெடுங்காலமாக வழக்காடி நிற்கும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அந்நாட்டின் வழக்கு நமக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் அங்கே வாழ்கின்றனர். 2019-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், ஜும்ஆவுக்காகத் திரண்டிருந்த இரு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், அமெரிக்கப் பள்ளிவாசல்கள் பலவும் தம் வாயிலில் ஆயுதம் தாங்கிய காவலரை நிறுத்துவது பற்றி ஆலோசிக்கலாயின. அங்குள்ள முஸ்லிம் குடும்பத் தலைவர்கள் தம் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று தமக்குள்ளே வினவுகின்றனர். விடை காண்பதற்கு முன் அந்நாட்டு வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

துப்பாக்கி வேண்டும் என்போருக்கும் வேண்டா என்போருக்கும் இடையே நிகழும் பூசல் என்றே செய்தித்தாள்கள் இதனைக் காட்டுகின்றன. வரலாற்றின் ஏடுகளிலோ வேறொரு வினா தொடர்ந்து ஒலிக்கிறது. எவருடைய அச்சத்தைச் சட்டம் மெய்யென நம்பியது? எவர் கையில் ஆயுதத்தைக் கண்டு சட்டமே அஞ்சியது? இவ்விரு வினாக்களையும் கைவிளக்காகக் கொண்டு நாம் மேற்செல்வோம்.

இங்கிலாந்தில் இட்ட வேர்

அமெரிக்கர் தம் உரிமைக்கு மூலமாகக் காட்டுவது 1689-ஆம் ஆண்டின் ஆங்கில உரிமைச் சாசனம். கத்தோலிக்க மன்னரான இரண்டாம் ஜேம்ஸ், புராட்டஸ்டண்டு மக்களின் ஆயுதங்களைப் பறித்தார் என்பது அன்று எழுந்த குறைகளுள் ஒன்று. அவர் நாட்டை விட்டு ஓடிய பின், புராட்டஸ்டண்டு குடிகள் தத்தம் நிலைமைக்கேற்பவும் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் தற்காப்புக்காக ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்று அச்சாசனம் விதித்தது. அதே காலத்தில் கத்தோலிக்கரிடமிருந்து ஆயுதங்களைக் கைப்பற்றவும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உரிமையும் மறுப்பும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆங்கில ஆட்சியை உதறிய அமெரிக்கர், 1791-ஆம் ஆண்டு தம் அரசியற் சட்டத்தில் பத்துத் திருத்தங்களைச் சேர்த்தனர். அவற்றுள் இரண்டாவது, ஆங்கிலத்தில் இருபத்தேழே சொற்களால் ஆனது. சுதந்திர மாநிலத்தின் காவலுக்குச் சீரமைந்த குடிப்படை இன்றியமையாதது என்று அதன் முற்பகுதி கூறுகிறது. ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமைக்குப் பங்கம் நேரலாகாது என்று பிற்பகுதி கூறுகிறது. முற்பகுதியைப் பிடித்துக்கொண்டு, இது குடிப்படைக்கே உரியது என்பார் ஒரு சாரார். பிற்பகுதியைப் பிடித்துக்கொண்டு, இது தனி மனிதர் ஒவ்வொருவருக்கும் உரியது என்பார் மறு சாரார். ஒரு வாக்கியத்தின் முதற்பகுதி இரண்டாம் பகுதியின் பொருளைக் குறுக்குமா, அன்றி அதற்குக் காரணம் மட்டும் கூறுமா என்பது உஸூல் கலை பயின்றோருக்குப் புதிதன்று. ஒரு சொற்றொடரைச் சுற்றி ஒரு நாடே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு வாதிட்டு வருவது வியப்புக்குரியது.

மக்கள் என்போர் யாவர்?

'மக்களின் உரிமை' என்று திருத்தம் கூறுகிறது. மக்கள் என்போர் யாவர் என்பதை அது கூறவில்லை. அதைப் பிற சட்டங்கள் கூறின.

அத்திருத்தத்திற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1680-இல், வர்ஜீனியாக் குடியேற்ற நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கறுப்பினத்தவரோ அடிமையோ துப்பாக்கி, வாள் மட்டுமன்றித் தடியும்கூட ஏந்தலாகாது என்று அது தடுத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கட்டி இழுத்து வரப்பட்ட அம்மக்களுள் கலிமா மொழிந்த முஸ்லிம்களும் இருந்தனர் என்பது வரலாற்றாசிரியர் ஒப்புக்கொண்ட செய்தி. திருத்தம் நிறைவேறிய மறு ஆண்டு, 1792-இல், குடிப்படைச் சட்டம் வந்தது. 18 முதல் 45 வயது வரையுள்ள உடல் வலுவுள்ள வெள்ளை ஆண் குடிமக்கள் தத்தம் செலவில் துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும் என்று அது கட்டளையிட்டது. ஒருவனுக்குக் கடமையாக்கப்பட்ட அதே பொருள், அவன் வயலில் உழைத்த மற்றொருவனுக்குக் குற்றமாக்கப்பட்டது.

டென்னசி மாநிலத்தின் கதை இதனினும் தெளிவானது. 1796-ஆம் ஆண்டு அதன் அரசியற் சட்டம் ஆயுத உரிமையைச் 'சுதந்திர மனிதர்' அனைவருக்கும் வழங்கிற்று. 1834-ஆம் ஆண்டு அதனைத் திருத்தியபோது 'சுதந்திர வெள்ளை மனிதர்' என்று மாற்றினர். சேர்க்கப்பட்டது ஒரே சொல். அச்சொல்லால், அடிமைத் தளையிலிருந்து விடுபட்டு வாழ்ந்த கறுப்பினத்தவர் ஓர் இரவில் உரிமை இழந்தனர்.

1857-ஆம் ஆண்டு, டிரெட் ஸ்காட் என்னும் அடிமையின் விடுதலை வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகார் என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பெழுதினார். அவர்களைக் குடிமக்கள் என்று ஏற்றால் என்னென்ன விளையும் என்று அவர் அஞ்சிப் பட்டியலிட்டார். சென்ற இடமெல்லாம் ஆயுதம் வைத்துக்கொள்ளவும் தாங்கவும் அவர்களுக்கு உரிமை வந்துவிடுமே என்பதும் அப்பட்டியலில் ஒன்று. ஆயுதம் தாங்குதல் குடிமகனின் உரிமை என்பதில் அந்நீதிபதிக்கு ஐயமில்லை. இன்னாரைக் குடிமகன் என்று ஏற்பதிலேயே அவர் அஞ்சினார்.

விடுதலைக்குப் பின்

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. அதே ஆண்டு மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமச்சீட்டு இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றம் என்று சட்டம் செய்தது. இத்தகைய கொடுமைகளைக் களையும் பொருட்டு 1868-இல் பதினான்காம் திருத்தம் நிறைவேறி, குடியுரிமையும் சமமான சட்டப் பாதுகாப்பும் அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்டன.

உறுதி ஏட்டிலேயே நின்றது. 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று, லூயிசியானா மாநிலத்தின் கோல்ஃபாக்ஸ் ஊரில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் சூழ்ந்து தாக்கிற்று. சரணடைந்தோரும் கொல்லப்பட்டனர். கொலையுண்டோர் தொகை அறுபதுக்குக் குறையாது என்றும், நூற்றைம்பது வரை இருக்கலாம் என்றும் கூறுவர். குற்றவாளிகள் சிலர் மீது மைய அரசு தொடுத்த வழக்கு 1876-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. இரண்டாம் திருத்தம் மைய அரசின் கையை மட்டுமே கட்டும், தனி மனிதர் பறிக்கும் உரிமைக்கு அதனிடம் பரிகாரம் இல்லை என்று கூறி, நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

அரசு காவாத இடத்தில் மனிதன் என் செய்வான்? 1892-ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரில் தம் நண்பர்கள் மூவர் கும்பலால் கொல்லப்பட்டதைக் கண்ட ஐடா பி. வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண் எழுத்தாளர், சட்டம் தர மறுக்கும் பாதுகாப்பைத் தம் மக்கள் தம் வீட்டுத் துப்பாக்கியால் தேடிக்கொள்ளவேண்டும் என்று எழுதினார். அவரை வெறியர் என்று எவரும் ஒதுக்கிவிட இயலாது. கும்பற் கொலைகளை ஊர் ஊராகக் கணக்கெடுத்து உலகுக்குக் காட்டிய ஆய்வாளர் அவர்.

மறு ஆண்டு, 1893-இல், குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளுக்கு உரிமச்சீட்டு வேண்டும் என்று ஃபுளோரிடா மாநிலம் சட்டம் செய்தது. சட்ட வாசகத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் 1941-ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், அச்சட்டம் கறுப்பினத் தொழிலாளரை நிராயுதர் ஆக்கவே இயற்றப்பட்டது, வெள்ளையருக்குப் பொருந்தும் நோக்கம் அதற்கு என்றும் இருந்ததில்லை என்று தம் தீர்ப்புரையில் வெளிப்படையாக எழுதிவைத்தார். ஏட்டில் பொதுவாகவும் நடப்பில் ஒருதலையாகவும் இருக்கும் சட்டத்திற்கு இதனினும் நேரிய சான்று கிட்டாது.

பின்வாங்கும் கடமை

ஆயுத உரிமையோடு உடன் வருவது தற்காப்பு உரிமை. அதன் வரலாறும் அறியத்தக்கது.

பழைய ஆங்கிலச் சட்டப்படி, தாக்கப்படுபவன் பின்வாங்கித் தப்ப வழியிருந்தால் பின்வாங்கவேண்டும். முதுகு சுவரில் முட்டிய பின்னரே எதிரியைக் கொல்லலாம். சொந்த வீடு மட்டும் இதற்கு விலக்கு. ஒருவன் இல்லம் அவனுக்குக் கோட்டை என்னும் கோட்பாடு 1604-ஆம் ஆண்டின் ஓர் ஆங்கில வழக்கில் நிலைபெற்றது. அமெரிக்கா இவ்விதியைத் தளர்த்திற்று. ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றம் 1876-இலும், இந்தியானா மாநில உச்ச நீதிமன்றம் 1877-இலும், குற்றமற்ற ஆண்மகன் எவனும் ஓடத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தன. உயர்த்திய கத்தியின் முன் நிற்பவனிடம் நிதானமான சிந்தனையை எதிர்பார்த்தல் ஆகாது என்னும் கருத்தை 1921-இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் நிலைநாட்டினார். 2005-ஆம் ஆண்டு ஃபுளோரிடா இதனைச் சட்டமாகவே இயற்றிற்று. தான் நிற்க உரிமையுள்ள எந்த இடத்திலும், தனக்கு உயிராபத்து என்று நியாயமாக நம்பும் ஒருவன் பின்வாங்காது சுடலாம் என்பது அதன் சாரம். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டம் உண்டு.

நம் ஃபிக்ஹு நூல்களில் இப்பொருளுக்கென்றே ஒரு பாடம் உள்ளது. 'தஃப்உஸ் ஸாயில்', அதாவது தாக்க வருபவனைத் தடுத்தல் என்று அதற்குப் பெயர். நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் மூலநூலாகிய 'மின்ஹாஜ்', ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இயற்றியது. உயிர், உடலுறுப்பு, மானம், பொருள் ஆகியவற்றைத் தாக்க வருபவன் எவனாயினும் தடுக்கலாம், தடுக்கையில் அவன் இறப்பினும் ஈடு இல்லை என்று அது தற்காப்பை நிலைநாட்டுகிறது. உடனே அதற்குப் படிகளை அமைக்கிறது. சொல்லால் தடுக்க முடிந்தால் அடித்தல் ஹராம். கையால் முடிந்தால் சாட்டையை எடுத்தல் ஹராம். சாட்டையால் முடிந்தால் தடியை எடுத்தல் ஹராம். உறுப்பு ஒன்றைச் சேதப்படுத்தித் தடுக்க முடிந்தால் கொலை ஹராம். ஓடித் தப்ப இயலுமானால் ஓடுதலே கடமை என்பதே மத்ஹபின் தீர்ப்பு. கைகலப்பு முற்றிவிட்ட நிலையில் இப்படிகளைக் கணக்கிட்டு நிற்க இயலாது என்பதை உரையாசிரியர்களும் ஒப்புகின்றனர். நீதிபதி ஹோம்ஸ் சொன்ன நியாயம் அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

ஆக, இருதரப்புச் சட்டமும் தற்காப்பை மறுக்கவில்லை. ஓடுதல் இழிவு என்று கருதிய நாட்டில் அச்சமே சாட்சியாயிற்று. ஓடுதல் கடமை என்று கருதிய நம் இமாம்கள், தாக்க வந்தவனின் உயிரையும் ஓர் உயிராகவே எண்ணினார்கள். அச்சத்தைச் சாட்சியாக ஏற்கும் சட்டத்தில், எவனுடைய தோற்றம் அச்சத்தை எழுப்புகிறதோ அவனே அதன் முதற்பலி. 2012-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு நகரில், கடைக்குச் சென்று திரும்பிய பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன், குடியிருப்பைக் கண்காணித்து வந்த ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அவ்விளைஞன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. தற்காப்புக்காகவே சுட்டேன் என்ற அம்மனிதரை 2013-இல் நடுவர் குழு விடுதலை செய்தது. தாக்க வருபவனாகக் கருதப்பட்ட அவ்விளைஞனுக்கும் அந்த இரவில் அச்சம் இருந்திருக்கும். அதைக் கேட்டறிய எவருக்கும் வழியில்லாது போயிற்று.

மாலிக் ஷாபாஸும் மார்ட்டின் லூதர் கிங்கும்

1956-ஆம் ஆண்டு ஜனவரியில், அலபாமா மாநிலத்தின் மான்ட்காமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். தற்காப்புக்காகத் துப்பாக்கி எடுத்துச்செல்ல அவர் உரிமம் கோரினார். அதிகாரிகள் மறுத்துவிட்டனர். உயிருக்கு ஆபத்து இருப்பதை மெய்ப்பிக்க அவரினும் தகுதியுடையார் அன்று அந்நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பர்? பின்னர் அவர் தாமாகவே ஆயுதத்தைத் துறந்து அறவழியைத் தழுவினார். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

மால்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த அல்ஹாஜ் மாலிக் ஷாபாஸ் வேறு வழி நின்றார். அரசு காக்க முன்வராத இடத்தில், சட்டம் அனுமதிக்கும் துப்பாக்கியைக் கொண்டு கறுப்பின மக்கள் தம்மைக் காத்துக்கொள்வது அவர்தம் அரசியற் சட்ட உரிமை என்று 1964-இல் அவர் மேடைகளில் முழங்கினார். அவ்வாண்டு ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பியபின் அவர் பார்வை விரிந்தது. 1965 பிப்ரவரி 14 அன்று, மனைவியும் நான்கு பெண் மக்களும் உறங்கிய வேளையில் அவர் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கின் ஆடுபன் மண்டபத்தில் பேசத் தொடங்கிய அவரைச் சிலர் சுட்டுக் கொன்றனர். தம் கூட்டத்திற்கு வருவோரை வாயிலில் சோதிக்கவேண்டாம் என்று முன்னரே அவர் கூறியிருந்தார். அவர் மனைவியும் மக்களும் அந்த மண்டபத்திலேயே இருந்தனர். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட மூவருள் இருவர் குற்றமற்றவர் என்று 2021-ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. அவ்விருவரும் இருபதாண்டுகளுக்குக் குறையாது சிறையில் கழித்திருந்தனர். ஒருவர் அதற்குள் மறைந்துவிட்டார்.

தற்காப்பைப் போதித்தவரை அவர் வைத்திருந்த துப்பாக்கி காக்கவில்லை. ஆயுதத்தைத் துறந்தவரை அத்துறவும் காக்கவில்லை. நம் வரலாற்றிலும் இரு வழிகளும் உண்டு. பொருளைக் காக்கப் போராடி மாள்பவர் ஷஹீது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஹிஜ்ரி 35-இல் (கி.பி. 656) கலகக்காரர் வீட்டைச் சூழ்ந்தபோது, தம் பொருட்டு முஸ்லிம்களின் இரத்தம் சிந்தலாகாது என்று காவல் நின்றோரை வாளுறையில் இடச்செய்தார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். இரண்டையும் நம் முன்னோர் மதித்தனர்.

கட்டுப்பாடு வந்த வழி

கட்டுப்பாடுகள் புதியன என்று எண்ணுதல் தவறு. 1911-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலம், மறைத்து எடுத்துச்செல்லும் கைத்துப்பாக்கிக்குக் காவல்துறை உரிமம் வேண்டும் என்றது. இத்தாலியக் குடியேறிகளின் மீதிருந்த ஐயம் அச்சட்டத்தின் பின்னணியில் இருந்ததாகக் கூறுவர். கொள்ளைக் கூட்டங்கள் இயந்திரத் துப்பாக்கியால் நகரங்களை நடுங்கவைத்த பின்னர், 1934-இல் நாடளாவிய முதற்பெரும் சட்டம் வந்து, அவ்வகை ஆயுதங்களுக்கு 200 டாலர் வரி விதித்தது. 1871-இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கென நிறுவப்பட்ட தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் அன்றைய தலைவரே, எவரும் எங்கும் துப்பாக்கியுடன் திரிவதைத் தாம் ஆதரிக்கவில்லை என்று நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினார்.

1967 மே 2 அன்று, 'கரும்புலிகள்' எனப்பட்ட கறுப்பின இளைஞர் கட்சியினர், ஏறத்தாழ முப்பது பேர், துப்பாக்கிகளுடன் கலிஃபோர்னியாச் சட்டமன்றத்திற்குள் நுழைந்தனர். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் மசோதாவை எதிர்ப்பதே அவர் நோக்கம். மசோதா விரைந்து நிறைவேறிற்று. அதில் கையொப்பமிட்ட ஆளுநர், பின்னாளில் துப்பாக்கி உரிமையின் காவலராகப் போற்றப்பட்ட ரானல்டு ரேகன். துப்பாக்கிச் சங்கமும் அதனை ஆதரித்தது.

1963-இல் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, பொய்ப் பெயரில் தபால் வழியே ஏறத்தாழ இருபது டாலருக்கு வாங்கப்பட்டது. கலகக் காலத்தில் ஆயுதம் விற்பதை நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வெறுத்தார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் வணிகப் பாடத்தில் குறித்துள்ளது இங்கு நினைவுக்கு வருகிறது. அமெரிக்கா அதற்கு ஐந்தாண்டு எடுத்துக்கொண்டது. கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968-ஆம் ஆண்டின் அக்டோபரில்தான் தபால்வழித் துப்பாக்கி வணிகம் தடுக்கப்பட்டது. 1977-இல் சின்சினாட்டி நகரில் கூடிய துப்பாக்கிச் சங்க மாநாட்டில் கட்டுப்பாட்டை முற்றும் எதிர்ப்போர் தலைமையைக் கைப்பற்றினர். பயிற்சிச் சங்கம் அரசியற் சக்தியாக மாறிற்று. எனினும் 1993-இல் வாங்குவோரின் பின்னணியை ஆராயும் சட்டமும், 1994-இல் போர்முறைத் துப்பாக்கிகளுக்குப் பத்தாண்டுத் தடையும் நிறைவேறின. அத்தடை 2004-இல் காலாவதியாயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் சொல்

2008-ஆம் ஆண்டு, தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் நிலவிய கைத்துப்பாக்கித் தடையை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்னும் வாக்கில் நீக்கியது. வீட்டில் தற்காப்புக்கென ஆயுதம் வைத்திருத்தல் தனி மனிதரின் உரிமை என்று அன்றுதான் அது முதன்முறையாகத் தெளிவுறக் கூறிற்று. அவ்வுரிமை எல்லையற்றதன்று என்றும், குற்றவாளிகள் ஆயுதம் வைத்திருத்தலையும் பள்ளிக்கூடம் போன்ற இடங்களுக்கு அதனைக் கொண்டுசெல்வதையும் தடுக்கும் சட்டங்கள் செல்லும் என்றும் அதே தீர்ப்பு உரைத்தது. 2010-இல் அவ்வுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. அவ்வழக்கைத் தொடுத்தவர் சிகாகோ நகரின் முதிய கறுப்பினத்தவர் ஒருவர். திருடர் பலமுறை புகுந்த வீட்டைக் காக்கக் கைத்துப்பாக்கி கேட்டவர் அவர்.

2022 ஜூன் 23 அன்று, மேற்சொன்ன நியூயார்க் சட்டத்தின் உரிம முறையை 6-க்கு 3 என்னும் வாக்கில் நீதிமன்றம் நீக்கியது. ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க்கின் கறுப்பின வழக்கறிஞர்களும், அச்சட்டத்தால் சிறை செல்வோர் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியருமே என்று கூறி அதனை எதிர்த்து மனுச் செய்திருந்தனர். அதற்கு முந்தைய மே மாதத்தில்தான், பஃபலோ நகரக் கடையொன்றில் நிறவெறியன் ஒருவன் பத்துக் கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். பத்து நாள் கழித்து டெக்சஸின் உவால்டி ஊர்த் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதில் ஆய்வை இறுக்கும் சட்டத்தில் அதிபர் கையொப்பமிட்டார். ஒரே வாரத்தில் ஒரு கை தளர்த்த மறு கை இறுக்கியது. 2024-இல், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை விதிக்கப்பட்டவரிடமிருந்து ஆயுதத்தை விலக்கலாம் என்று 8-க்கு 1 என்னும் வாக்கில் தீர்ப்பாயிற்று.

இரு தரப்பின் நியாயம்

கோல்ஃபாக்ஸையும் மெம்பிஸையும் அறிந்த ஒருவர், அரசை நம்பி ஆயுதத்தைக் கைவிடு என்று எளியோரிடம் எளிதிற் கூற மாட்டார். துப்பாக்கி உரிமை பேசுவோரின் வலுவான நியாயம் இதுவே. அவர்களுள் பலர் கறுப்பின மக்களின் வரலாற்றை மறந்து பேசுவது வேறு குறை.

மறுபுறம், 2021-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,000-க்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். 2020-ஆம் ஆண்டு முதல், குழந்தைகளும் பதின்வயதினரும் இறப்பதற்கான காரணங்களுள் வாகன விபத்தையும் விஞ்சித் துப்பாக்கி முதலிடம் பெற்றது. திருடனுக்கென வாங்கிவைத்த ஆயுதம், மனமுடைந்த மகனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதே இத்தொகைகளின் பொருள். கட்டுப்பாடு வேண்டுவோரின் வலுவான நியாயம் இது.

இரண்டையும் சேர்த்து நோக்கும்போது நமக்குத் தோன்றுவன சில. கட்டுப்பாடு அவசியம். அது வர்ஜீனியாவின் 1680-ஆம் ஆண்டுச் சட்டமாகவோ, நிறம் கூறாமல் நிறம் பார்த்த ஃபுளோரிடாச் சட்டமாகவோ ஆகிவிடலாகாது. ஆளைப் பார்த்து அளக்கும் முகத்தலளவை திருக்குர்ஆன் கண்டித்த அளவை மோசடியின் இனத்தைச் சார்ந்தது. தற்காப்பு உரிமையும் மெய்யே. அது அஞ்சுபவனின் மனத்தை மட்டும் சாட்சியாகக் கொள்ளாது, எதிரே நிற்பவனின் உயிரையும் எண்ணிப் படிப்படியாகச் செல்லவேண்டும். ஓடித் தப்புவதில் இழிவில்லை என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும்.

அந்நாட்டில் வாழும் நம் மக்கள் தம் பள்ளிவாசல் வாயிலில் காவலரை நிறுத்துவதெனத் தீர்மானித்தால், அது அந்நாட்டுச் சட்டத்திற்கும் நம் ஃபிக்ஹுக்கும் முரணன்று. அக்காவலர் பயிற்சி பெற்றவராகவும், தொழ வரும் அந்நியனை முகம் பார்த்து ஐயுறாதவராகவும் இருத்தல் வேண்டும். வீட்டில் ஆயுதம் வைப்போர், அதனைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்து, அவ்வீட்டில் மனச்சோர்வுற்ற ஒருவர் உளரானால் அதனை வெளியே அகற்றிவிடுதல் கடமை. ஆயுதம் ஓர் அமானிதம். வைத்திருப்பவரின் உயிர் மட்டுமன்றி, அவர் மனைவி மக்களின் உயிரும், அண்டை வீட்டாரின் உயிரும், இரவில் வழிதவறி வந்து கதவைத் தட்டும் முன்பின் அறியாதவனின் உயிரும் அந்த அமானிதத்தில் அடங்கும். மதீனத்துப் பள்ளிவாசலில் அம்பின் முனையைப் பற்றிய அக்கைக்கு அதன் கூர்மை உறுத்தியே இருக்கும். அந்த உறுத்தலை ஏந்துபவர் ஏற்கவேண்டும், எதிரே வருபவர்மீது சுமத்தலாகாது. வல்ல அல்லாஹ் அவர்கள் அனைவரையும் காத்தருள்வானாக.